லோமேயிலிருந்து வந்த பதினொரு பெட்டிகள்

தட்டும் சத்தம் ஏழாவது பெட்டியிலிருந்து வந்தது. மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

பாஸ்கல் டீ கிளாஸைக் கீழே வைத்தான். ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை மணி. திருவொற்றியூருக்கு மேற்கே லாரி ரோட்டை ஒட்டிய அந்த கன்டெய்னர் யார்டில் அவனையும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் டில்லிபாபுவையும் தவிர ஆள் இல்லை. உருகிக் காய்ந்த தார், காற்று திரும்பும்போதெல்லாம் கம்பெனிகள் பக்கமிருந்து வரும் அழுகின முட்டை நாற்றம், பெட்டிகளின் அடியில் கசிந்துகொண்டிருந்த ஈர மரப்பட்டையின் புளிப்பு என எல்லாம் மூக்கில் ஏறியது. காலையில் அவன் பதினொரு பெட்டிகளுக்குள்ளும் ஏற்றிய கேஸுக்கு மட்டும் வாசனையே கிடையாது. இருபத்துநாலு மணி நேரம் மூடி வைத்தால் மரத்துக்குள் இருக்கும் புழு பூச்சி எல்லாம் சாகும். அதுதான் அவன் வேலை.

"டில்லி, கேட்டுச்சா?"

"இன்னாத்த?"

"ஏழாவது பெட்டி. உள்ள யாரோ தட்டறாங்கடா."

டில்லிபாபு சிரித்தான். "வெயில் எறங்குது, தகரம் முறுக்கிகினு கீது. உள்ள இன்னா, உன் மச்சான் குந்திகினு கீறானா? டீயக் குடி மாமு."

பாஸ்கலுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொன்றும் கடல் கடந்து லோமே துறைமுகத்திலிருந்து வந்த தேக்கு. அவன் தம்பி ஜெரி இரண்டு வருஷமாக லோமேயில்தான், ஒரு மர ஏஜென்ட்டின் கிடங்கில் கட்டை தூக்குகிறான். அவன் பாஸ்போர்ட் அந்த ஏஜென்ட்டின் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது.

"மொதல்ல ஜெர்மன்காரன் ஆண்டானாம், அப்பால பிரெஞ்சுக்காரனாம்" என்று ஒருமுறை குரல் பதிவு அனுப்பியிருந்தான். "கடலுக்குள்ள அவங்க கட்டின பாலம் ஒண்ணு கீதுண்ணா. இரும்புக் காலுங்கதான் மிச்சம். அதாண்ட ஜனங்க வலை இழுக்கறாங்க. பாத்தா நம்ம காசிமேடு மாதிரியே கீது. அழுகையா வருதுண்ணா."

கடைசிப் பதிவு வந்து நாற்பத்து நான்கு நாள். "நான் வந்துடறேன். எப்டின்னு கேக்காத. அம்மாவாண்ட சொல்லிடு." பாஸ்கல் பதில் போட்டான்: பேஜார் பண்ணாத, இன்னும் ரெண்டு மாசம் பொறு. அந்தப் பதில் இன்றுவரை ஜெரியின் போனுக்குப் போய்ச் சேரவில்லை.

மரம் ஏற்றிய தேதி பெட்டிகளின் சீட்டில் இருந்தது. அந்தப் பதிவுக்கு மறுநாள். காலையில் அதை அவன் வெறும் எண்ணாகத்தான் படித்தான்.

கேஸ் விடுமுன் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, உள்ளே பார்த்து, குரல் கொடுக்க வேண்டும். யாரும் செய்வதில்லை. முதல் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். மற்றதுக்கெல்லாம் கதவு ரப்பரின் இடுக்கில் குழாயைச் செருகி, டேப் ஒட்டி, எல்லாம் பார்த்ததாகக் கையெழுத்துப் போடுவார்கள். இன்று காலை பாஸ்கலும் அப்படித்தான் போட்டான்.

மூன்று தட்டு.

எழுந்து போனான். தகரத்தில் காதை வைத்தான். சுட்டது. உள்ளே விரல் முட்டியால் தட்டவில்லை. உள்ளங்கையால் அடிக்கிறார்கள். களைத்த கை.

"ஜெரி?"

சத்தம் நின்றது. தகரத்துக்கு அந்தப் பக்கம், அவன் காதுக்கு நேராக, யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"ண்ணா."

டேப்பைப் பிய்த்தான். லோமேயில் போட்ட சீல் அப்படியே இருந்தது. கட்டரை எடுத்து வெட்டினான்.

"மாமு, கேஸு! உயிர் பூடும் மாமு! மாஸ்க்கப் போடு!" டில்லிபாபு கத்திக்கொண்டே கேட்டைப் பார்த்து ஓடினான்.

கதவு திறந்தது.

மரம். தரையிலிருந்து கூரைவரை மரம். பூனை நுழைய இடமில்லை. "ஜெரி, தம்பி" என்று கூப்பிட்டபடி இடுக்கில் தோள்வரை கையை விட்டுத் துழாவினான். பட்டை. பிசின். ஈரம். வேறொன்றும் இல்லை. நாற்பத்து மூன்று நாள், தண்ணீர் இல்லாமல் எவன் இருப்பான்? அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தலை கிறுகிறுத்தது. நாக்கு தடித்தது.

முதுகுக்குப் பின்னால் தட்டினார்கள்.

எட்டாவது பெட்டி.

பிறகு இரண்டாவது. பிறகு கடைசிப் பெட்டி.

"ண்ணா, கதவத் தெற."

"இருட்டா கீதுண்ணா."

"மூச்சு முட்டுதுண்ணா."

மூன்று பெட்டி. மூன்றிலும் ஜெரியின் குரல்.

எதை வெட்டுவது? எட்டுக்கு ஓடினான். பதினொன்று அழைத்தது. அங்கே ஓடினான். நான்கு அழைத்தது. கால் மடங்கியது. கட்டர் கையிலிருந்து நழுவியது. தரையில் மண்டியிட்டபடி நிமிர்ந்து பார்த்தான்.

சத்தம் நின்றுபோயிருந்தது. மூடியிருந்த பத்துக் கதவுகளிலும், அவன் கையால் ஒட்டிய டேப் உள்பக்கமாகக் குழிந்தது. மெல்ல உப்பியது. மறுபடி குழிந்தது.

பத்தும் ஒரே நேரத்தில், ஒரே மூச்சாக.

உப்பியது.

குழிந்தது.

குழிந்தபடியே நின்றது.