அவனுக்கு மட்டும் புரிந்த நிரல்

மழை சாய்வாக அடித்தது. பஸ் நிறுத்தத்தின் கூரைக்குக் கீழே ஒண்டிக்கொண்டு, அவள் அக்காவிடம் போனில் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

"சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகுது, அதுக்குள்ள தலை சுத்துதுக்கா. ஆம்புலன்ஸ் அனுப்புற புரோகிராமாம்... 'இப்படி இருந்தா அப்படிப் போ'ன்னு ஒண்ணுக்குள்ள ஒண்ணு, அதுக்குள்ள இன்னொண்ணு. படிக்கப் படிக்க எங்க இருக்கோம்னே மறந்துடுது. எழுதின மகராசன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

"கிடைச்சா என்ன பண்ணுவீங்க?"

பக்கத்தில் நின்றவன் கேட்டான். தொப்பலாக நனைந்திருந்தான்... கண்களில் மட்டும் குறும்பு காயாமல் இருந்தது.

"உங்ககிட்ட யாருங்க பேசினா?"

"இல்ல... எழுதினது நான்தான். ஓடணுமா, நிக்கலாமான்னு தெரிஞ்சுக்கலாமேன்னு கேட்டேன்" என்று சிரித்தான்.

அவளுக்குக் காது வரை சூடேறியது. "யாருடி அது?" என்று அக்கா கேட்பதற்குள் போனை வைத்தாள். வந்த பஸ்ஸில் ஓடி ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான், அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை பார்த்திருக்கலாமோ என்று தோன்றியது... சே, என்ன நினைப்பு இது.

மறுநாளே அந்தச் சிரிப்பை அவளே அணைய வைத்தாள்.

நிரல் எங்கெங்கே கிளை பிரிகிறது என்று எண்ணிப் பார்த்து, சிக்கல் குறைந்ததைப் பச்சையிலும் கூடியதைச் சிவப்பிலும் காட்டும் கருவி ஒன்று உண்டு. அதை ஓட்டிப் பார்ப்பதுதான் அவள் வேலை. அலுவலகக் கூட்டத்தில் திரை ஒளிர்ந்ததும், எல்லாவற்றுக்கும் மேலே அவன் எழுதியது ரத்தச் சிவப்பாக நின்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் முகம் வாடிப்போயிற்று.

"இன்னிக்கு வரைக்கும் ஒரு வண்டி வழி மாறிப் போனதில்ல. அதுல கை வைக்காதீங்க."

"ஓடுறது வேற, படிக்க முடியறது வேற" என்றாள் அவளும் விட்டுக்கொடுக்காமல்.

அன்றோடு பேச்சு நின்றது. எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். 'நான்தான் இறங்கிப் போகணுமா?' என்று அவள் மனம் முறைத்துக்கொண்டே இருந்தது... பார்வை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் அவன் மேசைப் பக்கம் போய் வந்தது.

குழந்தைகளுக்கான மருத்துவமனை ஒன்று புதிதாகத் திறக்கவிருந்தது. சின்னக் குழந்தை என்றால் வண்டி நேராக அங்கே போக வேண்டும். சேர்க்க வேண்டியது ஒரே ஒரு விதி. அவனோ அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக லீவில் இருந்தான்.

"அவரைத் தவிர யாருக்கும் அது புரியாது. போன் போடும்மா" என்றார் மேனேஜர்.

போட்டாள். அவன் மூச்சு வாங்கியபடி எடுத்தான். "சொல்லுங்க... அம்மாவ இப்பத்தான் உள்ள கூட்டிட்டுப் போகப் போறாங்க. பரவாயில்ல, சொல்லுங்க."

அவன் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல், களைத்துப்போய்க் கேட்டது: "இப்பவும் அந்தப் போன்தானா கண்ணு?"

கேட்க வந்ததை அவள் கேட்கவில்லை.

"வெச்சிடுங்க. அம்மா கையப் பிடிச்சுக்கங்க. இங்க நான் சமாளிச்சுக்கறேன்."

மேனேஜரிடம் திட்டு வாங்கினாள். 'திறக்க இன்னும் நாள் இருக்கிறது, அதுவரை அவரைக் கூப்பிட வேண்டாம்' என்று பிடிவாதமாக நின்றாள்.

அம்மா தேறி வீடு வந்த பிறகு அவன் வேலைக்குத் திரும்பினான். அவள் தானே அவன் மேசைக்குப் போனாள்.

"எல்லார் முன்னாடியும் அதைக் காட்டினது தப்புதான். மன்னிச்சிடுங்க. ஆனா அது உங்க ஒருத்தருக்கு மட்டுமே புரியறவரைக்கும் உங்களை யாரும் நிம்மதியா விட மாட்டாங்க... அதுக்காகவாவது பிரிச்சு எழுதலாமே."

அவன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உட்காருங்க. எங்க ஆரம்பிக்கலாம்?"

தினமும் காலையில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு நிபந்தனைக்குப் பின்னாலும் ஒரு கதை இருந்தது. பாலம் மூழ்கிய நாள், பிரசவ வலியோடு வந்த அழைப்பு... அவன் சொல்லச் சொல்ல, அவள் அதைத் தனியே பிரித்து, பார்த்தவுடன் புரிகிற பேர் வைத்தாள். பிரிக்கும்போதெல்லாம், வண்டி முன்பு போன இடத்துக்கேதான் போகிறதா என்று ஓட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

"இதையே ஏன் ரெண்டு இடத்துல எழுதி வெச்சிருக்கீங்க?"

"பயம்தான்... ஒண்ணு கோட்டை விட்டாலும் இன்னொண்ணு பிடிக்கட்டுமேன்னு."

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான்... மழையில் பார்த்த அதே சிரிப்பு. சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாகிக்கொண்டு வர, அவளுக்கு உள்ளுக்குள் ஏக்கமாக இருந்தது. இந்த மனுஷன் இன்னும் கொஞ்சம் சிக்கலாக எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா?

பிரித்து எழுதும் வேலை முடிந்ததும் அவன் அம்மாவை ஓய்வுக்காகத் தங்கை வீட்டுக்கு அழைத்துப் போனான். குழந்தைகள் மருத்துவமனைக்கான அந்தப் புது விதியை, வேறொரு பெண் நிரலைத் தானே படித்துப் பார்த்து, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் சேர்த்து முடித்தாள். அவனைக் கூப்பிட எந்தக் காரணமும் இல்லை. இவள் போனை எடுப்பாள், வைப்பாள்... என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது?

திரும்பி வந்தவன் நேராக அவளிடம்தான் வந்தான்.

"ஒரு போன்கூட வரலை."

"நல்லதுதானே?"

"அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். எனக்குத்தான்... எடுத்து எடுத்துப் பார்த்துக்கிட்டே இருந்தேன். யார் போனுக்குடா இப்படித் தவிக்கிறேன்னு அம்மாவே கேட்டுட்டாங்க."

"என்ன சொன்னீங்க?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"எனக்குப் பிடிச்ச பொண்ணுன்னு."

ஜன்னலுக்கு வெளியே வெயில் பளீரென்றிருந்தது. அவள் விரல்கள் துப்பட்டா நுனியை முறுக்கின.

"அதை முதல்ல என்கிட்ட இல்ல சொல்லணும்?"

"சொன்னா என்ன சொல்லுவீங்க?"

நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள். இந்த முறை பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"எனக்கும்தான்னு... சொல்லுவேன்."