பதினோராம் பொருத்தம்

சென்னியப்பனுக்கும் மரகதத்துக்கும் பத்துப் பொருத்தமும் அமைந்திருந்தது. பதினோராவதுதான் இடித்தது.

பதினோராவது, பதிப்புப் பொருத்தம். பெண்ணும் பையனும் காதுக்குப் பின்னால் ஊன்றியிருக்கும் வேர்ப்பேசி ஒரே பதிப்புதானா என்று பார்ப்பது. முதலில் ஜோசியர்கள் இதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஐந்தாம் பதிப்புக்காரிக்கு ஆறாம் பதிப்புக்காரனைக் கட்டிவைத்து, நாலைந்து ஜோடி கோர்ட் படி ஏறிய பிறகு அவர்களும் சேர்த்துக்கொண்டார்கள். ஊரோடு ஒத்துப்போகாத ஜோசியம் எங்கே பிழைக்கும்?

வேர்ப்பேசி ஓர் அரிசி அளவுதான் இருக்கும். ஊன்றகத்தில் நாற்காலியில் உட்காரவைத்துக் காதுக்குப் பின்னால் பதியம் போடுவார்கள். அது மெல்ல வேர்விட்டு நரம்பைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் திரையும் வேண்டாம், பொத்தானும் வேண்டாம். பேசுகிறவரின் குரலோடு, அவர் மூக்குக்கு எட்டிய மணமும் மனத்தின் சாயலும் கேட்கிறவருக்கு வந்து சேரும். ஒரே ஒரு சங்கடம் உண்டு. மனித நரம்பு வேருக்கு ஒருமுறைதான் இடம் கொடுக்கும். பிடுங்கிவிட்டு இன்னொன்றை நட்டால் உடம்பு ஏற்காது. கைப்பேசியைச் சட்டை மாற்றுவதுபோல மாற்றிய காலம் ஒன்று இருந்ததாம். வேர்ப்பேசியில் அது நடக்காது. ஏழாம் பதிப்பை ஊன்றியவன் கட்டையில் போகிறவரை ஏழாம் பதிப்புதான்.

அதனால் ஊரில் பாதிப்பேர் எதையும் ஊன்றாமல், பழைய கைப்பேசியை வைத்துக்கொண்டு அடுத்த பதிப்புக்குக் காத்திருந்தார்கள். கோயம்புத்தூரில் அவர்களுக்கு ஒரு சங்கமே இருந்தது. 'பூமி ஆள்வார் சங்கம்' என்று பெயர். பொறுத்தார் பூமி ஆள்வார் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை காலையில் பீளமேட்டில் ஒரு பேக்கரியில் கூடி, வரப்போகும் பதிப்பைப் பற்றி வந்த வதந்திகளை அலசிவிட்டு, காத்திருப்பதென்று மறுபடி முடிவெடுத்துக் கலைவார்கள்.

சென்னியப்பன் அதன் செயலாளர். பிழைப்புக்குப் பம்ப் செட் கம்பெனியில் வடிவமைப்பாளர். ஸ்கூட்டர் வாங்கவே மூன்று மாடலை விட்டுப்பிடித்தவன். புதிதாக ஓட்டல் திறந்தால், மாஸ்டருக்குக் கை படியட்டும் என்று ஆறு மாசம் கழித்துத்தான் உள்ளே போவான். மரகதத்திடம் தன் மனத்தைச் சொல்லவும் அவன் அப்படித்தான் நாளைக் கடத்தினான். கடைசியில் அவளே சொல்லிவிட்டாள்.

மரகதம் அதே கம்பெனியில் நீர்ப் பொறியாளர். செவ்வாயில் நிலத்தடிப் பனியை உருக்கி ஏற்றும் வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆறு வருஷம் அங்கே, அப்புறம் திரும்பி வந்து கல்யாணம் என்று இரண்டு வீட்டாரும் பேசி முடித்தார்கள். "பொண்ணுக்குச் செவ்வாய் தோஷம் இருக்குதான்னு கேட்டது போக, பொண்ணே செவ்வாய்க்குப் போகுதே சாமி" என்று அவன் அம்மா மட்டும் புலம்பிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்குப் போகிறவர்கள் எல்லோரும் ஏழாம் பதிப்பை ஊன்றிக்கொண்டுதான் போகவேண்டும். அன்றைக்குச் சந்தையில் இருந்தது அதுதான். எட்டு தையில் வருவதாகப் பேச்சு.

காந்திபுரம் ஊன்றகத்தில் நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டிருந்தார்கள். ஒரே நேரத்தில் ஒரே நாற்றிலிருந்து எடுத்து ஊன்றினால் இரண்டு வேரும் ஒன்றையொன்று நன்றாக அடையாளம் கண்டுகொள்ளும், சாயல் இன்னும் தெளிவாக வரும். மரகதம் ஒன்றில் உட்கார்ந்து பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள்.

"வந்து உக்காருங்க. சேர்ந்தே ஊன்றிக்கலாம்."

"அவசரப்படாத கண்ணு. எட்டுல தொடுகையும் வருமாமா. இப்ப ஏழைப் போட்டுட்டா ஆயுசுக்கும் உன் குரலும் மல்லிப்பூ வாசமும்தான். எட்டுன்னா, நீ அங்க கையை நீட்டுனா என் கை மேல வந்து படும்."

"செவ்வாய்ல மல்லிப்பூ ஏதுங்க?" என்று அவள் சிரித்தாள். உடனே சிரிப்பு நின்றது. "என்னோடது ஏழுதானுங்களே. என் கை எப்படி உங்களுக்கு வரும்?"

"அதையெல்லாம் கம்பெனிக்கே எழுதிக் கேட்டுட்டேன். ஏழு உடம்புல நடக்கற எல்லாத்தையும் பதிஞ்சு அனுப்பிருதாமா. வாங்கற பக்கம் வாசல்தான் சின்னது. எட்டுக்கு வாசல் பெருசு. பழைய பதிப்பு அனுப்பறதை ஒண்ணுவிடாம எட்டு படிச்சுரும். உன் சேதி அத்தனையும் பத்திரமா எடுத்து வெச்சு, பின்னால முழுசா உணர்ந்துக்கறேன்."

"பின்னாலயா?"

"பொறுத்தார் பூமி ஆள்வார்."

"ஆளுங்க, ஆளுங்க. பூமியை நீங்களே வெச்சுக்கங்க. நான் செவ்வாய்க்குப் போறேன்."

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. ஊன்றும் அம்மாள் நாற்றுத் தட்டோடு வந்து, "இந்த நாற்காலி காலிங்களா? ஜோடியாத்தான் போடறதுங்க" என்றார். வரிசையில் அடுத்து நின்றவர் வைத்தியலிங்கம் என்று, தஞ்சாவூர்க்காரர். அதே கலத்தில் செவ்வாய்க்குப் போய் அங்கே கண்ணாடிக் கூடாரத்தில் கீரை வளர்க்கப்போகிறவர். அவர் தயங்கி நின்றார்.

"அட, நீங்க உக்காருங்க. எனக்கொண்ணும் அவசரமில்லைங்க" என்று சென்னியப்பன் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தான். விருந்தாளிக்கு நாற்காலி கொடுப்பதில் எங்கள் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆளில்லை.

மரகதம் போய்ச் சேர்ந்தாள். தை பிறந்தது, வழி பிறக்கவில்லை. எட்டு சித்திரைக்கு வரும் என்றார்கள். சித்திரை போய் ஆவணி ஆயிற்று. ஆவணி போய் அடுத்த தை என்றார்கள்.

செவ்வாய்க்கும் நமக்கும் நடுவில் கேள்வி பதிலாகப் பேசமுடியாது. சொல்வதைச் சொல்லி அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை வேறு வேலை பார்க்கவேண்டும். மரகதத்தின் சேதிகள் சென்னியப்பனின் கைப்பேசியில் வெறும் குரலாக வந்தன. ஒவ்வொன்றின் முடிவிலும், "இப்பக் கையை நீட்டறேனுங்க. எடுத்து வெச்சுக்கங்க" என்பாள். அந்த இடத்தில் கைப்பேசியில் ஒன்றும் கேட்காது. அவனும் தன் கையை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு அந்த மௌனம் முடியும்வரை உட்கார்ந்திருப்பான்.

அவன் ஏங்கினான். அதைச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. கம்பெனியில் அவள் உட்கார்ந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்தபோது அந்தப் பக்கம் போவதை விட்டான். பேக்கரியில் தேங்காய் பன் பார்த்தால், பாதியைப் பிட்டு அவன் தட்டில் வைக்கும் கை நினைவுக்கு வந்தது. ஏழாம் பதிப்பு ஊன்றகத்தில் கிடைத்துக்கொண்டேதான் இருந்தது. அங்கே போய் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிய நாட்கள் உண்டு.

ஒரு சேதியில் அவளே கேட்டாள். "ஏழையே போட்டுக்கங்களேன். இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகலீங்க. இங்க மண்ணுக்கு வெடி மருந்து வாசம். அதையாவது உங்களுக்குக் காட்டறேன்."

அவன் சங்கத்தில் யோசனை கேட்டான். எல்லோரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். "ஆக்கப் பொறுத்தாச்சு, ஆறப் பொறுக்கக் கூடாதா? இத்தனை நாள் காத்திருந்தது வீணாப் போயிரும் கண்ணு" என்று பதில் அனுப்பினான்.

அதற்கு அவள் கோபிக்கவில்லை. சேதிகள் வந்துகொண்டுதான் இருந்தன. கையை நீட்டுகிறேன் என்பதைச் சிலசமயம் மறந்தாள். வேலை அதிகம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஒருவழியாக எட்டு வந்தது. வரிசையில் முதல் ஆள் சென்னியப்பன். இந்தமுறை நாற்காலியை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வேர் பிடித்ததும் உடனே அவளுக்கு ஒரு சேதி அனுப்பினான். "எட்டு போட்டாச்சு மரகதம். இந்தா, ரெண்டு கையையும் நீட்டறேன்" என்று சொல்லி, நெஞ்சில் இருந்த அத்தனையையும் அந்தக் கைகளுக்குக் கொண்டுவந்து நீட்டினான். பதில் வருவதற்குள், எடுத்துவைத்த சேதிகளை முதலிலிருந்து திறந்தான்.

முதல் சேதி கலத்திலிருந்து வந்தது. அவள் கை அவன் கைமேல் படிந்தது. ஸ்பேனர் பிடித்துக் காய்ப்பேறிய பெருவிரல் அடிப்பாகம் கூடத் தெரிந்தது. அவன் வாய்விட்டு அழுதுவிட்டான். அடுத்ததில் அவள் ஏக்கம் விலா எலும்புக்கடியில் கல்லாக வந்து உட்கார்ந்தது. இத்தனை பாரத்தைச் சுமந்துகொண்டா இவள் கீரைக் கூட்டைப் பற்றி விளையாட்டாகப் பேசினாள்? ஏழைப் போட்டுக்கங்களேன் என்ற சேதியைத் திறந்தபோது மூச்சு முட்டியது. அவள் கேட்கவில்லை, கெஞ்சியிருந்தாள்.

அதற்குப் பிந்தியவற்றில் பாரம் குறைந்தது. கல் கூழாங்கல் ஆகி, பிறகு மணல் ஆயிற்று. நீட்டிய கை அவன் கைமேல் கொஞ்ச நேரம்தான் நின்றது. அப்புறம் நீட்டவே இல்லை. கடைசிச் சேதியில், பக்கத்து வீட்டுக்காரரை நலம் விசாரிக்கும் அன்பு மட்டும் இருந்தது. அவள் வருஷக்கணக்கில் நடந்து கடந்ததை அவன் ஒரே மத்தியானத்தில் கடந்து முடித்தான். அவனுடைய ஏக்கம் மட்டும் ஒரு பிடி குறையாமல் அப்படியே இருந்தது.

பதில் வந்தது.

"உங்க குரல் கேட்டுச்சுங்க. குரல் மட்டும்தான். கை வரலை. இங்க இருக்கற ஆளுங்களைக் கேட்டேன். எட்டுல இருந்து கிளம்பறது ஏழோட சின்ன வாசல்ல நுழையாதாமா. வாசம், சாயல் எதுவுமே வராதாமா."

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டான். ஏழிலிருந்து எட்டுக்கு வருமா என்று கம்பெனிக்குப் பக்கம் பக்கமாக எழுதிக் கேட்டிருந்தான். எட்டிலிருந்து ஏழுக்குப் போகுமா என்று அவன் கேட்கவில்லை. சங்கத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. என்ன கிடைக்கும் என்றுதான் அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

"ஒண்ணு சொல்லணுங்க" என்று அவள் குரல் தொடர்ந்தது. "ரொம்ப நாளா தள்ளிப்போட்டேன். உங்களுக்குக் குரல் மட்டும்தானே வருதுன்னு ஒளிச்சுப் பேசிட்டேன். நீங்க எட்டு போட்டுட்டீங்க, இனி ஒளிக்க முடியாது. வைத்தியலிங்கம்னு, ஊன்றகத்துல நீங்க உக்காரவெச்சீங்களே, அவரைக் கட்டிக்கப்போறேன். ஒரே நாத்துல எடுத்த வேருங்களா, நாளெல்லாம் நான் ஏங்கறது அவருக்குத்தான் கேட்டுட்டே இருந்துச்சு. பாவம், அவர்தான் என்னைத் தேத்துனாரு. கூடாரத்துல மல்லி வெச்சிருக்கறாரு, மொத மொக்கு இன்னைக்குத்தான் விட்டுச்சு. என்னை மன்னிச்சுருங்க."

குரல் வந்து முடியும்முன் மற்றதும் வந்துவிட்டது. எட்டாம் பதிப்பு விளம்பரத்தில் சொன்னதற்கு ஒரு குறையும் வைக்கவில்லை. முதலில் மல்லிப்பூ வாசம். பிறகு நெஞ்சு முழுக்க ஒரு மகிழ்ச்சி பொங்கி ஏறியது. அவன்மேல் கொஞ்சம் பரிதாபமும் அதில் கலந்திருந்தது. ஆனாலும் அது கல்யாணம் நிச்சயமான பெண்ணின் மகிழ்ச்சி, சுத்தமான சரக்கு. அவன் வலது உள்ளங்கையில் ஒரு கை வந்து கோத்துக்கொண்டது. காய்ப்பில்லாத கை, ஈரமான கீரைப் பாத்தியில் புழங்கி மெத்தென்று ஆன ஆண்பிள்ளைக் கை. அவன் உதறினான். அது போகவில்லை. மரகதம் அதை இறுகப் பிடித்திருந்தாள்.

அவன் அழத்தான் முயன்றான். வாய் கோணி, சிரிப்பாக மலர்ந்துவிட்டது.

கோயிலுக்குப் போயிருந்த அம்மா அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். மகன் முகத்தைப் பார்த்ததும் பூஜைக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, திருநீறோடு கிட்டே வந்தார்.

"ஏஞ்சாமி, மரகதம் பேசிட்டாளா? மூஞ்சில இத்தனை சந்தோசத்தை நான் பார்த்ததே இல்லையே! பொறுத்திருந்தது வீண்போகலை பாரு."

"ஆமாங்கம்மா" என்றான் சென்னியப்பன், சிரித்துக்கொண்டே. கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. "ரொம்ப சந்தோசமா இருக்கறா."