பௌகார் கூவிய உயரம்

அந்த உயரத்தில் பௌகார் கூவக்கூடாது.

கணவாயில் இருந்த கல்லடுக்கின் மேல் வழிப்போக்கர் வழக்கப்படி ஆளுக்கொரு கல்லை வைத்துவிட்டு, புல்வெளியைத் தாண்டி, வண்டி மேகக்காட்டுக்குள் இறங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. எலியாஸ் சாம்பி வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினான். பாசி தொங்கும் கிளைகளிலிருந்து சொட்டும் நீரின் சத்தத்தையும், பள்ளத்தில் கண்ணுக்குத் தெரியாமல் விழும் அருவியின் இரைச்சலையும், சூடு ஆறும் இன்ஜினின் டிக்டிக் ஒலியையும் ஒவ்வொன்றாகக் காதிலிருந்து தள்ளிவைத்துவிட்டு, பறவைக் குரலுக்காக மட்டும் காத்து நின்றான். அப்போதுதான் சாலைக்கு மேலிருந்த மூங்கிலுக்குள்ளிருந்து அது கேட்டது. வாய் குறுகிய குடத்தைக் கவிழ்த்தால் தண்ணீர் குளக் குளக்கென்று கொட்டுமே, அப்படி ஒரு கூவல். ஒரே ஒரு தடவை.

பௌகார் கீழ்நாட்டுப் பறவை. வாழை விளைகிற சூட்டில், ஆற்றங்கரை மரங்களின் உச்சியில் நீளப் பைகளாகக் கூடு கட்டித் தொங்கவிடும். இந்தக் குளிரில் அதற்கு என்ன வேலை?

பனிமேட்டிலிருந்து மழைக்காடு வரை இறங்கும் இந்த ஒற்றைச் சாலையில் வெளியூர்க்காரர்களுக்குப் பறவை காட்டுவதுதான் எலியாஸின் பிழைப்பு. உயரம் குறையக் குறைய ஒரு கூட்டத்தின் குரல் ஓய்ந்து அடுத்த கூட்டத்தின் குரல் தொடங்கும். எந்த வளைவில் எது ஓயும், எது தொடங்கும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

உடன் வந்திருந்த ஓஃபெலியா டீச்சருக்கும் அது கேட்டிருந்தது. சிலியிலிருந்து வந்தவர், ஓய்வுபெற்றவர், நல்ல காது. பூமி சூடாகிக்கொண்டு வருவதால் பறவைகளெல்லாம் வருஷத்துக்கு வருஷம் மேலே ஏறுவதாகப் படித்ததைச் சொன்னார். இருக்கலாம் என்று எலியாஸ் தலையாட்டினான். வண்டி ஓட்டி வந்த வில்பர்ட் அவனுடைய மச்சினன். ஸ்டியரிங்கைப் பிடித்த கைகளை எடுக்காமல் நேரே பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கூவலைத் தப்பில்லாமல் செய்துகாட்ட எலியாஸுக்குத் தெரிந்து ஒரே ஒருத்திதான் இருந்தாள். அவன் மகள் இல்யாரி. வாயில் எச்சிலைத் தேக்கி, தொண்டையை உள்ளிழுத்து அவள் கூவினால் நிஜப் பௌகார்களே கழுத்தைத் திருப்பிப் பார்க்கும்.

போன வருஷம் பள்ளி விடுமுறைக்கு எலியாஸும் மனைவி பெனீத்தாவும் அவளைக் கீழே கூட்டிப் போனார்கள். அங்கே காய்ச்சல் கண்டது. மாத்திரைக்கு அடங்கவில்லை. குஸ்கோ நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக இதே வில்பர்ட்தான் இதே வண்டியை மேலே ஓட்டினான். பின்சீட்டில் பெனீத்தா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பாடிக்கொண்டே வந்தாள். ஏற ஏறக் குளிர் கூடியது. பிள்ளையின் உடம்பு சில்லிட்டதும் காய்ச்சல் விட்டது, இது மலைக்குளிர் என்று நினைத்துச் சால்வையை இன்னும் இறுக்கிச் சுற்றினாள். கணவாயில் வெளிச்சம் வந்தபோதுதான் தெரிந்தது. எந்த வளைவில் போனாள் என்று யாருக்கும் தெரியாது. அதைத்தான் பெனீத்தா மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தாள். எந்த இடத்தில்? நான் எந்த வரியைப் பாடிக்கொண்டிருந்தபோது?

அதற்குப் பிறகு எலியாஸ் வேறு மலைகளில்தான் பறவை காட்டினான். இந்தச் சாலையில் இறங்குவது இதுதான் முதல் தடவை.

டீச்சர் இவ்வளவு தூரம் வந்தது தொரொரொய் பார்க்கத்தான். மூங்கிலடி இருட்டில் திரியும், வால் உண்டா இல்லையா என்றே தெரியாத உருண்டைப் பறவை அது. லேசில் கண்ணில் படாது. அதன் குரலையே பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட வேண்டும். தன் இடத்துக்குள் இன்னொன்று நுழைந்துவிட்டதென்று வெளியே வரும். பாசத்தில் வருவதாக டீச்சர் நினைத்திருந்தார். இல்லை, விரட்டத்தான் வருகிறது என்று எலியாஸ் முன்னமே சொல்லியிருந்தான்.

கைக்கடக்கமான ஒலிபெருக்கியை ஒரு மட்டையின் மேல் வைத்து அழுத்தினான். தொரொரொய் கூவியது. ஓய்ந்தது. மறுபடி கூவியது. அந்தப் பதிவின் கடைசியை வெட்ட மறந்திருந்தது அவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கை நீளுவதற்குள் பதிவுக்குள் ஒரு மழைக்கோட்டு சரசரத்தது. காதோடு காதாக, பதிவு செய்த அன்று பக்கத்தில் நின்றிருந்த இல்யாரியின் குரல்.

"அப்பா, அது வருதா?"

நிறுத்தினான். டீச்சர் தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்தார். பனி கிளைகளுக்கிடையே நகர்ந்தது. ஈர இலை மட்கும் வாசனை. அருவிச் சத்தம். வேறு எதுவும் இல்லை.

பிறகு, சாலைக்கு மேலே, மூங்கிலுக்குள்ளிருந்து:

"அப்பா, அது வருதா?"

அதே கிசுகிசுப்பு. முன்னால் அந்த மழைக்கோட்டுச் சரசரப்பும் சேர்த்து.

டீச்சர் மெல்லத் திரும்பினார். "இது என்ன பறவை, எலியாஸ்?"

இந்தச் சாலையில் அந்தக் கேள்விக்கு அவன் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை.

"தெரியல டீச்சர்."

அவன் கால்கள் தாமாகவே மேட்டில் ஏறின. பாசி வழுக்கியது. மூங்கிலை விலக்கினான். உள்ளே ஒரு கிளை மட்டும், பாரம் அப்போதுதான் இறங்கியதுபோல ஆடிக்கொண்டிருந்தது. அடியில் மண் கிளறப்பட்டிருந்தது. மறுபடியும் குரல் கேட்டபோது அது இன்னும் மேலே போயிருந்தது, அடுத்த வளைவுக்கு, கணவாய்ப் பக்கம். வில்பர்ட் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தான். "மச்சான், வா. வண்டில ஏறு. பதில் மட்டும் குடுக்காத."

வண்டி கீழே இறங்கியது. காதடைப்பு விட்டது. ஸ்வெட்டரைக் கழற்றினார்கள். பாசிக்குப் பதில் கொடிகள் வந்தன, குளிருக்குப் பதில் புழுக்கம். ஆற்றங்கரை விடுதியில் டீச்சர் மதியத் தூக்கத்துக்குப் போனபின், வறுத்த வாழைக்காயைத் தொடாமல் உட்கார்ந்திருந்த வில்பர்ட் வாயைத் திறந்தான். லாரிக்காரர்கள் எல்லோருக்கும் அந்தக் குரலைத் தெரியுமாம். முதலில் இங்கே, ஆற்றோரம்தான் கேட்டதாம். மழைக்காலம் முடிந்தபின் அருவிப் பாலத்தில். போன மாதம் மூங்கில் வளைவுக்குக் கீழே. எலியாஸிடம் யார் சொல்வது என்று ஆளாளுக்கு விட்டுவிட்டார்கள்.

"கீழ கேட்டது மேல ஏறிக்கிட்டே இருக்கு, மச்சான்."

எலியாஸுக்குப் பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது சந்தோஷம். அதை மச்சினன் பார்த்துவிடாமலிருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சாயங்காலம் யாருக்கும் சொல்லாமல் விடுதிக்குப் பின்னால் காட்டுக்குள் போனான். அழுகிய பழத்தின் புளித்த வாடை அடித்தது. வண்டுகளின் ரீங்காரம் காதைத் துளைத்தது. உச்சியில் பௌகார்கள், நிஜப் பௌகார்கள், கூட்டுக்குக் கூடு தாவிக் கூவிக்கொண்டிருந்தன. ஒலிபெருக்கியை வேரின் மேல் வைத்து மகளின் குரலைப் போட்டான். காத்திருந்தான். மறுபடி போட்டான். ஒரே குரலைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள், பறவை குழம்பி முட்டையைக்கூட விட்டுவிட்டு ஓடிவரும் என்று எத்தனையோ பேரைக் கண்டித்தவன், சட்டை முதுகோடு ஒட்டும்வரை போட்டுக்கொண்டே இருந்தான்.

பதில் இல்லை. இங்கே அது இல்லை. இங்கிருந்து போய்விட்டது.

எந்தப் பறவையும் காரணமில்லாமல் தன் உயரத்தை விட்டு ஏறுவதில்லை. மேலே இரை இருந்தால் ஏறும். இல்லையென்றால், மேலே அதன் குரலிலேயே இன்னொன்று கூப்பிட்டுக்கொண்டிருந்தால்.

அவன் எழுந்து வேகமாக நடந்தான். பிறகு ஓடினான்.

வில்பர்ட் வண்டிக்கடியில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பதிவு வேறு யாரிடம் இருக்கிறது என்று எலியாஸ் கேட்டான். வில்பர்ட் எண்ணெய்க் கையோடு கழுத்தைத் தேய்த்தான். அடக்கம் முடிந்த வாரமே அவன் அக்காள் பெனீத்தா கேட்டாளாம். மெமரி கார்டில் ஏற்றி அவளுடைய ரேடியோவில் போட்டுக் கொடுத்தானாம். எலியாஸ் பயணம் போகிற நாளிலெல்லாம், பொழுது சாயும்போது, வாசல் பக்கத்து ஜன்னலைத் திறந்து, சாலையைப் பார்த்து ரேடியோவை வைப்பாளாம்.

"அவ சத்தம் கேட்டாத்தான் தூக்கம் வருதுங்குறா. உன்கிட்ட சொல்ல வேணாம்னுட்டா."

வானம் சிவந்திருந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

அந்த விடுதியில் சிக்னல் கிடையாது. பக்கத்து ஊர் பில்கோபாட்டா வரை போக வேண்டும். வில்பர்ட் வண்டியை விரட்டினான். எலியாஸ் போனைக் கையில் ஏந்திக்கொண்டு வளைவுகளைப் பின்னோக்கி எண்ணினான். ஆறு. அருவிப் பாலம். மூங்கில். கணவாய். கணவாய்க்கு அந்தப் பக்கம் இறக்கம், இறக்கத்தின் முடிவில் ஊர், ஊரின் முதல் வீடு அவன் வீடு. காலையில் அது மூங்கிலைத் தாண்டி மேலே போனதை அவன் காதால் கேட்டிருந்தான். கேட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்திருந்தான்.

பெட்ரோல் பங்க் விளக்கு தெரிந்ததும் போனில் கோடுகள் ஏறின. ரிங் போனது. போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தான்.

பெனீத்தா எடுத்தாள்.

"எலியாஸ்." ஒரு வருஷமாக அவள் குரலில் இல்லாத ஈரம் இருந்தது. "பிள்ளை வந்திருக்கா."

அவளுக்குப் பின்னால் ரேடியோவில் தொரொரொய் கூவியது. கோட்டு சரசரத்தது. "அப்பா, அது வருதா?" அது ஓய்ந்ததும், மரக்கதவுக்கு அப்பாலிருந்து, அதே கேள்வி. இன்னும் கொஞ்சம் உரக்க.

"ரேடியோவ நிறுத்து. பெனீத்தா, மொதல்ல அத நிறுத்து. கதவத் தொறக்காத."

"குளிர்ல நிக்கிறா."

"அது அவ இல்ல. அது பாசத்துல வரல. நான் சொல்றதக் கேளு. அங்க இன்னொண்ணு இருக்குன்னு நெனச்சு வருது."

அழுகிறாள் என்று நினைத்தான். அழவில்லை.

"ஊர் பேர் தெரியாதவங்களுக்கெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பறவை காட்டின. நான் ஒரே ஒரு பிள்ளையத்தான் கூப்பிட்டேன்."

தாழ்ப்பாள் இழுபடும் சத்தம்.

வெளியே இருந்த குரல் உடனே நின்றது. அந்த நிசப்தம் எலியாஸுக்குத் தெரியும். கிட்டே வந்துவிட்டால் கூவாது.

"வாசல்லயே நிக்கிறா," என்றாள் பெனீத்தா, மெதுவாக, தூங்கும் பிள்ளையை எழுப்பிவிடக்கூடாதென்று பேசுகிற மாதிரி. "தலைய ஒரு பக்கமாத் திருப்பி, ஒத்தக் கண்ணால பாக்குறா. என்ன வெக்கமோ. நகம் எவ்வளவு வளந்துபோச்சு, எலியாஸ். வெந்நி வச்சு ஊறவச்சு வெட்டிவிடணும்." மூச்சு வாங்கினாள். "பேசுறா. வாய் அசையல. தொண்டை மட்டும் அசையுது."

அவன் அவள் பெயரைச் சொன்னான். மறுபடி சொன்னான். வில்பர்ட் போனுக்கு அருகில் காதைக் கொண்டுவந்து, சட்டென்று பின்வாங்கினான்.

பலகைத் தரையில் ஒரு சத்தம். நடை இல்லை. இரண்டு காலும் ஒன்றாக விழும் சத்தம். ஒரு நிறுத்தம். மறுபடி.

"வா கண்ணு. உள்ள வா."

மறுபடி. வேகமாக. அவளைத் தாண்டி, ஜன்னல் பக்கம்.

ரேடியோவிலிருந்த இல்யாரி "அப்பா, அது" என்று தொடங்கினாள். ஏதோ நொறுங்கியது. கொத்தும் சத்தம், பிளாஸ்டிக் பிளக்கும் சத்தம், கம்பி அறுபடும் சத்தம். நெடுநேரம். அப்புறம் ஒன்றுமில்லை.

"போகட்டும் கண்ணு," என்றாள் பெனீத்தா. அவள் முழங்காலிட்டு உட்காருவது பாவாடைச் சலசலப்பில் கேட்டது. "அது போனா போகுது. நீதான் வந்துட்டியே. பசிக்குதா?"

பலகையில் மறுபடியும் அந்தச் சத்தம். இந்தத் தடவை அவளை நோக்கி. இரண்டு காலும் ஒன்றாக.