மூடிவைத்த சுவிட்ச்

அடுப்புக்குப் பின்னால் இருந்த வெள்ளைத் தகட்டில் மறுபடியும் கரிவிரல் தடம்.

அது வெறும் மூடி. குடிவந்த புதிதிலேயே அங்கிருந்த மிக்சி சுவிட்சைக் கழற்றிக் கதவோரம், விளக்கு சுவிட்சுக்குப் பக்கத்தில் வைத்தாயிற்று. "நெருப்புக்கு மேல கைய நீட்டித்தான் போடணும்னா, இது சுவிட்சா, சூட்டுக்கோலா அக்கா?" என்று சிரித்த எலக்ட்ரீஷியன், பிறகு குரலைத் தாழ்த்தி, "முன்னாடி இருந்த அம்மாவுக்குக் கையில பத்திக்கிச்சாம். பிழைக்கல," என்றான். மாமியாருக்குத் தோள்வலி, கை உயராது என்று மருமகளான அவள்தான் புது சுவிட்சை இடுப்புயரத்தில் வைக்கச் சொன்னாள்.

"அத்தை, பழைய இடத்துல கை வெச்சீங்களா?"

"தலை வாரவே கை தூக்க முடியல. அடுப்பைத் தாண்டி நீட்டிடுவேனாக்கும்," என்றது கூடத்துக் குரல்.

மழை இருட்டிக்கொண்டு வந்த அந்த மாலையில், குழாய் சொட்டும் ஓசைக்கும் பால் முணுமுணுக்கும் ஓசைக்கும் நடுவே, எங்கிருந்தோ முடி கருகும் வாசனை மெல்லக் கசிந்து வந்தது. அவளுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அடுப்பைத் தணித்தாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். பிறகு ஈரத்துணியை எடுத்து, தீக்காயத்தைத் துடைப்பதுபோல் அந்தத் தடத்தை ஒற்றி எடுத்தாள்.

"யாரா இருந்தாலும் அந்தக் கை எரிச்சல் ஆறட்டும், ஆண்டவனே."

தகடு சுட்டது.

திரும்பினாள். மகள் முக்காலியில் ஏறி, மிக்சியில் மாட்டியிருந்த ஜாருக்குள் கையை விட்டு, அரைத்த சர்க்கரையை வழித்துக்கொண்டிருந்தாள். எப்போதும் சுவரில்தான் அணைப்பார்கள். மிக்சியின் வேகத் திருகு ஒன்றாம் எண்ணிலேயே நிற்கும். இப்போதும் அப்படித்தான் நின்றது.

"ஏம்மா இருட்டுலயே நிக்கிற?"

மாமியாரின் கை கதவோரச் சுவரைத் தடவியது. விளக்கைத் தேடியது. அதன் பக்கத்து சுவிட்சில் விழுந்தது.

"அத்தை..."

மிக்சி உறுமியது.

டக்.

நின்றது.

அந்த டக் ஓசை கதவோரமிருந்து வரவில்லை, அடுப்புக்குப் பின்னாலிருந்து வந்தது. அங்கே மாமியாரின் விரல் சுவிட்சை அழுத்தியபடியே இருந்தது. மகள் கையை வெளியே எடுத்தாள். சர்க்கரை ஒட்டிய விரல்கள். ஐந்தும் முழுசாக.

அவள் மகளை வாரி எடுத்தாள். மகள் அவள் தோளுக்கு மேலாக அடுப்பையே பார்த்தாள்.

"அம்மா, அவங்கள கைய எடுக்கச் சொல்லு. எரியுது."

அவள் பாய்ந்து அடுப்பை அணைத்தாள். கதவோர சுவிட்சையும் அணைத்தாள்.

"போதும்மா," என்றாள் தகட்டைப் பார்த்து. "பிள்ளை பிழைச்சிட்டா. விட்டுடுங்க."

அடுப்பில் நெருப்பில்லை. ஆனாலும் அதைத் தாண்டி நீண்டிருந்தது, முழங்கை வரை எரியும் ஒரு கை. தோல் சுருண்டு விழ விழ, விரல்கள் தகட்டை இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தன.