மணிமொழியின் ஆர்வம்

கடைசிப் பருவம் தொடங்கியதும் நிலாநகர்க் கல்லூரியில் பிள்ளைகள் காதுக்குப் பின்னால் முடியை மழித்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். ஆர்வச் சில்லு பொருத்திக்கொள்ளத்தான். எந்த வேலைக்குப் போகிறார்களோ அந்த வேலைமேல் ஆசையை அது மூளைக்குள் ஊட்டிவிடும். வேலைநேரம் முடிந்தால் தானாக அணைந்துவிடும். அந்த ஆண்டு மவுசு விண்கலக் காப்பீட்டுக்கு. வகுப்பே அதைத்தான் போட்டுக்கொண்டது.

மணிமொழி மட்டும் மாட்டேன் என்றாள். அவளுக்குப் பாசி பிடிக்கும். நகரத்துக்கு மூச்சுக்காற்று தரும் பாசித்தொட்டிகளைப் பார்த்துவிட்டால் சோறு தண்ணீர் மறந்துபோகும். சில்லில்லாதவர்களை எந்த நிறுவனமும் சேர்த்ததில்லை. நேர்காணலில் தோற்றால் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். ஊரே ஒரு வழியில் போக இவளுக்கு மட்டும் ஏன் இப்படிப் புத்தி போகிறது என்று அம்மா கௌசல்யா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பெண் அசையவில்லை. என்ன நெஞ்சுரம் பாருங்கள்!

பாசிப்பண்ணை நேர்காணலில், சில்லு இல்லாமல் வேலையில் எப்படி மனசு ஒட்டும் என்று அதிகாரி முகம் சுளித்தார். அவள் எழுந்து, மூலையில் வெளுத்துக் கிடந்த தொட்டியருகே போனாள். நிபுணர்கள் கைகழுவிவிட்ட தொட்டி அது. நேரம் முடிந்து அவர்கள் எல்லோரும் சில்லு அணைந்து வீட்டுக்குப் போனார்கள். அவள் போகவில்லை. முகர்ந்து பார்த்தாள், விளக்கைத் தணித்தாள், நீரை மாற்றினாள். அனுமதி கேட்டு அடுத்தடுத்த நாளும் வந்தாள். வாரக்கடைசியில் தொட்டி பச்சை பிடித்தது.

“யாரும்மா உன்னை இதைச் செய்யச் சொன்னது?” என்றார் அதிகாரி.

“யாரும் சொல்லலை சார். எனக்குப் பிடிச்சிருக்கு.”

வேலை கிடைத்தது. அவள் கைபட்ட தொட்டிகளெல்லாம் செழித்தன, நகரமே மெச்சியது. ஆர்வம் எப்படி முளைக்கிறது என்று ஆராய வேண்டும் என்று கல்லூரி அவளுடைய மூளைப்பதிவைக் கேட்டது. சந்தோஷமாகக் கொடுத்தாள்.

அடுத்த ஆண்டு கல்லூரிப் பக்கம் போனவள் திகைத்து நின்றாள். காப்பீட்டுச் சில்லுக்கு ஈ காக்கை இல்லை. ‘மணிமொழிச் சில்லு’ என்ற பலகைக்கு முன்னால் வரிசை வாசலைத் தாண்டி நீண்டது. முதல் ஆளாக நின்றது அம்மாதான். பக்கத்தில், காதோரம் மழித்த தங்கை தேன்மலர்.

“உன்னை மாதிரியே இவளும் யார் பேச்சையும் கேக்காம, தனக்குப் பிடிச்சதைச் செய்யணும்டி. அதான் கூட்டிட்டு வந்தேன்,” என்றாள் கௌசல்யா பெருமையாக.

“இவளுக்கு என்ன பிடிக்கும்னு கேட்டியாம்மா?”

“அதை எதுக்குக் கேக்கணும்? சில்லு வெச்சதும் அவளே சொல்லிடுவா.”