திங்கட்கிழமை மட்டும் வரும் பாம்புகள்

"ஆ...!"

கோமளாவின் அலறலில் பல்கலைக்கழகத்தின் மாணவர் நல மையமே நடுங்கியது.

"சுவத்துல பாம்புங்க டாக்டர்! நெளியுது... கிட்ட வருது!"

சுவரில் ஒன்றுமில்லை. காலண்டர்தான் ஃபேன் காற்றில் ஆடியது.

மாணவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்லும் டாக்டர் பங்காரம்மா அவள் கைகளை இறுகப் பற்றினார்.

"நானிருக்கேன் கண்ணு. மெதுவா மூச்சு விடு."

கோமளாவின் நாக்கு ஒட்டிக்கொண்டது. நெஞ்சு அடித்த அடியில் காது அடைத்தது.

பரீட்சை பயத்தில் தூக்கம் வரவில்லை என்றுதான் போன மாதம் முதன்முதலாக இங்கே வந்தாள். பேசிப் பேசியே தூக்கம் திரும்பியது.

அதற்குப் பிறகுதான் பாம்புகள் வந்தன... அதுவும் திங்கட்கிழமைகளில் மட்டும்!

"எனக்குப் பைத்தியமுங்களா? அப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்பை நிறுத்திப்போடுவாருங்க! ஊட்டுக்குள்ளயே பூட்டி வெச்சுருவாருங்க!"

டெலிபோன் அலறியது.

ஹாஸ்டல் வார்டன். கேட்கக் கேட்க டாக்டரின் முகம் வெளுத்தது.

"உன் ரூம்மேட் நிலோஃபர் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுட்டாளாம். பாம்பு பாம்புன்னு கத்தறாளாம்!"

கோமளா சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

பைத்தியம் ஒட்டுவாரொட்டியா என்ன?

டாக்டர் சட்டென்று டார்ச் எடுத்து அவள் கண்ணில் அடித்தார். விரிந்து கிடந்த கண்மணி, வெளிச்சம் பட்டும் சுருங்கவில்லை.

"இது மனசு பண்ற வேலையில்ல! ரெண்டு பேரும் இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"எங்க ஊட்டு ஒப்புட்டுங்க, பருப்புப் போளி. தொண்டாமுத்தூர்ல அப்பா திங்கக்கிழமையானா பஸ் டிரைவர்கிட்ட தூக்குப்போசியில போட்டுக் குடுத்து விடுவாருங்க. நிலோஃபர்தான் ஸ்டாப்புல போய் வாங்கியாருவா. அவ எப்பவும் இனிப்பே வேண்டாம்னுடுவா... இன்னைக்குத்தான் ஒண்ணு தின்னா."

"கோமளா... உனக்கு யாரோ விஷம் வெக்கறாங்க!"

யார்?

டிரைவரா? வழியில் எவனாவதா?

நிலோஃபரையும் தூக்கி வந்து, இரண்டு பெண்களையும் மையத்திலேயே அடுத்தடுத்த கட்டிலில் கிடத்தி டிரிப் ஏற்றினார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால்கூட கோமளா போர்வையை இழுத்துக்கொண்டாள்.

மாலையில் பாம்புகள் மங்கின.

அப்போது... சரக், சரக்!

கதவு திறந்தது. வார்டன் சொல்லியனுப்பி வந்த கோபாலசாமி நின்றார். வெள்ளை வேட்டி, வளையாத முதுகு. கோமளாவின் அப்பா.

"எந்திரி அம்மணி, ஊட்டுக்குப் போலாம். நம்ம வம்சத்துல யாருக்கும் புத்தி பிசகினதில்ல. போன மாசம் நீ இந்த ரூமுக்கு வந்ததே போதும்."

கோமளாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவருக்கு எப்படித் தெரியும்?

"புத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்குங்க" என்றார் டாக்டர். "யாரோ விஷம் வெச்சிருக்காங்க."

"விஷமா? எவனுங்க அவன்? வெட்டிப்போடுவேன்!"

"நீங்க அனுப்பின ஒப்புட்டுலதான். மிச்சத்தைப் போலீஸ்ல குடுக்கப் போறேன்."

கோபாலசாமியின் மீசை துடித்தது. வியர்த்தது.

"அது... அது விஷமில்லீங்க. மருந்துங்க!"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இவ இங்கிருந்து வெளிய வந்ததை எங்க பங்காளி பாத்துப்போட்டானுங்க. 'உம்பொண்ணு பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்குது'ன்னு வந்து இளிச்சான். மானம் போச்சேன்னு வெளியூரு வைத்தியன்கிட்ட ஒளிஞ்சு போனேனுங்க. பைத்தியம் தெளிய ஊமத்தை விதைப்பொடி குடுத்தான். இவ அம்மாவுக்கும் சொல்லாம நானே பூரணத்துல கலந்து..."

"ஊமத்தைதாங்க அந்தப் பாம்புகளையே வரவெச்சது! இன்னுங் கொஞ்சம் கூடியிருந்தா ரெண்டு பொணம் விழுந்திருக்கும்!"

வளையாத முதுகு வளைந்தது.

"என் கையாலயா?" உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். "இவ என்ன ஆவாளோன்னு ஒரு மாசமா எனக்குத் தூக்கமே இல்லீங்க டாக்டரம்மா. கண்ணை மூடினா நெஞ்சு அடைக்குது..."

பக்கத்துக் கட்டிலிலிருந்து நிலோஃபர் ஈனக்குரலில் சொன்னாள்.

"அப்பா, அடுத்த வாரம் வெறும் முறுக்கு போதுங்க!"

கோமளாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

டாக்டர் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"தூக்கமில்ல, நெஞ்சடைப்பு, வெளிய சொல்ல முடியாத பயம்... உக்காருங்க. கவுன்சலிங் உங்களுக்குத்தான் வேணும்!"

கோபாலசாமி தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். ஜன்னலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"பயப்படாதீங்கப்பா" என்றாள் கோமளா. "பங்காளி கேட்டா, மாடு வாங்கப் போயிருக்காருன்னு சொல்லிக்கறேனுங்க!"