இரண்டாவது பிடி மண்

மார்கழித் திங்களின் வளர்பிறை நிலவு கீழ்வானில் முன்னதாகவே ஏறி நின்று, கதிரவன் எப்போது இடத்தைக் காலி செய்வான் என்று காத்திருந்த அந்திப் பொழுதில், வெள்ளாற்றின் தென்கரையில் நாணற்புதர்களை வெட்டித் திருத்திய மணல் திட்டின்மேல் மேலைச் சளுக்கியரின் தூதுக்குழு கூடாரம் அடித்திருந்தது. களைத்த குதிரைகள் முழங்கால் நீரில் இறங்கிக் குடித்தன. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அங்கிருந்து அரைநாள் பயணம். சமாதான ஓலையுடன் வந்திருந்த நாகதேவ தண்டநாயகர், வெண்பட்டுக் குடையின்கீழ் நின்று கைகூப்பினார். நிலவுக்கா குடை பிடிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள், வாசகர்களே! பெரிய மனிதர்களின் குடைக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம்?

எதிரே சோழ அரசின் சார்பில் பழத்தட்டும் சந்தனமும் ஏந்தி நின்றவள் விடங்கி. அரண்மனையில் அரசாணை எழுதும் ஓலைநாயகத்தின் மகள். வேற்று நாட்டு விருந்தினருக்குத் தலைநகரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு அவளுடையது. இருபத்து மூன்று வயதில் கூந்தலில் ஒரு பூவும் இல்லாமல் நின்றாள்.

"தேவி, உங்கள் மாநகரைக் காண எம் கண்கள் ஏங்குகின்றன" என்றார் நாகதேவர். அவரோடு வந்த மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். நாகதேவரோ அதே புன்னகை மாறாமல், பக்கத்தில் நின்ற மெய்க்காவல் தலைவன் பம்மய்யனிடம் கன்னடத்தில் தொடர்ந்தார்.

"நம் பணியாட்கள் பன்னிருவரில் ஒருவன் சோழ ஒற்றன். யாரென்று தெரியவில்லை. அதற்காகத்தான் பன்னிருவரையும் இங்கே இழுத்து வந்தேன். பிறந்த மண்ணில் நடக்கவிட்டால் எவனாயினும் எங்காவது தன்னை மறப்பான். எவன் மறக்கிறான் என்று பார். திரும்பும் வழியில் இந்த ஆற்று மணலிலேயே அவனைப் புதைத்துவிட்டுப் போவோம்."

விடங்கி சந்தனக் கிண்ணத்தை அசையாமல் நீட்டினாள். போர்களில் சிறைப்பட்டு வந்த மேலை நாட்டுப் பெண்களோடு அரண்மனையில் வளர்ந்தவள் அவள். கன்னடம் அவளுக்குத் தாலாட்டு மொழி. அது வெளியே தெரியாமலிருக்கவே, தூதரின் மொழிபெயர்ப்பாளரை நம்பி நிற்பவள்போல் நடந்துகொள்ளும்படி அரசாங்கம் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தது.

மறுநாள் மாலை அமைச்சர் அனந்தபட்டரிடம் அவள் இதைச் சொன்னபோது, அவர் முகம் வாடிப் போயிற்று.

"ஆம் அம்மா, நம் ஆள் ஒருவன் அங்கே இருக்கிறான். அவனை அனுப்பிய சேனாபதி போன மாதம் இறந்துவிட்டார். அவன் பெயரோ முகமோ வேறெவருக்கும் தெரியாது. ஒரு மாதமாக அவனிடமிருந்து சேதியும் இல்லை. இந்தச் சமாதானம் மெய்யா பொய்யா என்று அவனுக்குத்தான் தெரியும்."

"அவரைக் கண்டுபிடித்து நாம் காப்பாற்றிவிட்டால் என்ன, ஐயா?"

"தூதர் கூட்டத்தில் ஒருவன் மேல் கை வைத்தால் அன்றே போர். மன்னர் பதில் ஓலையில் இலச்சினை இடும் வரை இரண்டு நாள் இருக்கிறது. அதுவரை நீ ஊரைக் காட்டு. அவன் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள். அவ்வளவுதான் செய்ய முடியும்."

யாரென்றே தெரியாத ஒருவனின் தலை இப்படியாக விடங்கியின் கையில் வந்து சேர்ந்தது. அந்தப் பன்னிருவரும் முண்டாசும் தாடியுமாக ஒரே அச்சில் வார்த்தவர்களாய் இருந்தார்கள்.

அடுத்த நாள் பெரிய கோயிலுக்குப் போனார்கள். கோட்டை வாயிலைத் தாண்டியதும் பாதை மூன்றாகப் பிரிகிறது. நாகதேவர் சட்டென்று நின்று, "நீங்கள் முன்னே நடங்கள்" என்று பணியாட்களைப் பார்த்துக் கையசைத்தார். எவன் கால் கேட்காமலே கோயில் இருக்கும் இடப்புறம் திரும்புகிறது என்று பார்க்கத்தான்! விடங்கி முந்திக்கொண்டு, "விருந்தினர் முன்னே நடப்பதா? எங்களுக்கு அபவாதம் வருமே!" என்று சிரித்தபடி தானே முன்னால் போய்விட்டாள்.

வானளாவிய விமானம் நெளிந்தெழுந்து உச்சியில் குறுகி நிற்க, நந்தியின் நிழல் முற்றத்தில் நீண்டு கிடக்க, வடபுறச் சுற்றுமதிலில் கல்தச்சர்கள் மூங்கில் சாரம் கட்டி வேலை செய்துகொண்டிருந்தார்கள். விடங்கி சிற்பங்களைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். நாகதேவர் கண்ணசைத்தார். மொழிபெயர்ப்பாளர் திடீரென்று தமிழில் அலறினார்.

"சாரம் சரிகிறது! விலகுங்கள்!"

தமிழ் தெரிந்தவன் மட்டும்தானே துள்ளி விலகுவான்? நல்ல பொறிதான். ஆனால் அந்த அலறல் அடங்குமுன் விடங்கி அதைவிடப் பெரிதாக வீறிட்டுத் தண்டநாயகரின் கையையே பற்றி இழுத்துக்கொண்டு ஓடினாள். தலைவர் ஓடினால் பணியாள் நிற்பானா? பன்னிருவரும், பம்மய்யனும், சாரத்தின்மேல் இருந்த கல்தச்சர்களும்கூட விழுந்தடித்து ஓடினார்கள். வெண்பட்டுக் குடை மட்டும் தளத்தில் உருண்டுகொண்டிருந்தது.

"இந்தப் பெண் பெரிய பயந்தாங்கொள்ளி" என்று மூச்சிரைக்கக் கன்னடத்தில் அலுத்துக்கொண்டார் நாகதேவர்.

அரண்மனை, கடைவீதி, யானைக்கொட்டில் எல்லாம் காட்டியாயிற்று. எஞ்சியது ஏரி ஒன்றுதான். விருந்தினரை நீர்நிலை வரை சென்று வழியனுப்புவது மரபு. ஆகவே மறுநாள் பிற்பகல், பதில் ஓலையைப் பெற்றுக்கொண்ட தூதரைச் சோழகங்க ஏரியின் கரை வரை கொண்டுவிட விடங்கி புறப்பட்டாள்.

அந்த ஏரிக்கரையில் ஒரு வழக்கம் இருந்தது. கரையேறுகிற எவரும் அடிவாரத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து மேலே போட்டுவிட்டுத்தான் நடப்பார்கள். அரசர் வந்தாலும் அப்படித்தான். மழை அரித்த கரை ஊரார் கையாலேயே வளரும். நடக்கத் தெரிந்த நாள் முதல் செய்வதால் அவ்வூராருக்கு அது கண்ணிமைப்பதைப்போல. ஒற்றன் இவ்வூர்க்காரனாக இருந்துவிட்டால்? விடங்கி விடியற்காலையிலேயே ஏரிக்காவலருக்கு ஆள் அனுப்பினாள்: இன்று கரையில் ஒருவரும் நடமாடக் கூடாது, ஒருவரும் மண் போடக் கூடாது. பிறர் செய்வதைக் காணாவிட்டால் அவன் கையும் சும்மா இருக்கும் என்று கணக்குப் போட்டாள்.

அந்தக் கரைமேல் அவளுக்கு வேறொரு வேதனையும் இருந்தது. மூன்றாண்டுகளுக்கு முன், படை வடக்கே புறப்படுவதற்கு முதல்நாள், ஏரிக்காவலர் மகன் நம்பனோடு அவள் இதே கரையில் ஏறினாள். மருதாணி இட்ட கை. மண் எடுக்கத் தயங்கினாள். "உன் கை சிவந்தபடியே இருக்கட்டும். உனக்கும் சேர்த்து நானே போடுகிறேன்" என்று அவன் இரண்டாவது பிடியும் அள்ளிப் போட்டான். தை மாதம் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். துங்கபத்திரைக் கரையில் அவன் மாண்டான் என்ற சேதி ஆடியில் வந்தது. அன்று எடுத்த பூவை அவள் பிறகு சூடவே இல்லை.

கரையடியில் குதிரைகளை விட்டிறங்கினார்கள். விடங்கி தன் கையை முந்தானைக்குள் இறுகப் பொதிந்துகொண்டு வெறுங்கையோடு ஏறினாள். மேலே ஏறியதும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீர். மேலைச் சூரியன் சாய்ந்து அதில் செம்பொன்னை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்தான். கொக்குகள் வரிசையாக எழுந்து பறந்தன. நாகதேவரும் கண்ணுக்குமேல் கையை வைத்து அதைப் பார்த்தார்.

விடங்கி திரும்பிப் பார்த்தாள்.

குடை பிடிப்பவன் கடைசியாக ஏறி வந்தான். வலக்கையில் குடை. இடக்கையில் மண்! அவன் கண்கள் நீர்ப்பரப்பின்மேல் இருந்தன. கை தன்பாட்டுக்கு மண்ணைக் கரைமேல் போட்டு, புறங்கையால் தட்டிவிட்டது. அவன் மறுபடி குனிந்தான். காலடியிலிருந்து ஒரு கட்டியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான்.

இரண்டாவது பிடி.

இத்தனை நாட்களாக அவள் அந்தக் குடையைத்தான் பார்த்திருந்தாள். குடை பிடிப்பவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்? தாடி, கன்னத்தில் நீண்ட வெட்டுத் தழும்பு, புருவம் வரை இறங்கிய முண்டாசு. அவற்றின் நடுவே நம்பனின் கண்கள்.

பம்மய்யன் கை உடைவாளுக்குப் போயிற்று. நாகதேவர் மெல்லத் திரும்பினார்.

"அடடா, இவரல்லவோ சமர்த்தர்!" என்று கைதட்டினாள் விடங்கி. "கீழே நான் சொன்னதை இவர் ஒருவர்தான் செய்தார். மற்றவர்கள் என்னைச் சட்டை செய்யவே இல்லை! ஐயா, ஏரிக்கு வந்த விருந்தினர் கரைக்கு மண் போடுவது எங்கள் வழக்கம்."

மொழிபெயர்ப்பாளர் மூலம் கேள்வி வந்தது. "தேவி இவனிடம் எந்த மொழியில் சொன்னீர்கள்?"

"மண்ணைக் காட்டினேன், மேட்டைக் காட்டினேன். இதற்கொரு மொழி வேண்டுமா, ஐயா?"

"சரி. மற்றவர் யாரும் போடாதபோது, இவன் ஏன் இரண்டு பிடி போட்டான்?"

ஏரிக்காற்று குடையின் விளிம்பை அசைத்தது. நம்பன் தரையைப் பார்த்து நின்றான்.

"ஒன்று அவருக்கு" என்றாள் விடங்கி. "மற்றொன்று, அவர் குடைக்கீழ் நிற்பவருக்கு. தண்டநாயகரின் கையில் மண் படக் கூடாது என்று நான்தான் இரண்டு விரலைக் காட்டினேன். இப்படிப்பட்ட பணியாள் கிடைக்கத் தாங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும்."

நாகதேவர் அந்த மண்கட்டியைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். மற்றப் பதினொருவரும் கீழே விரட்டப்பட்டு ஆளுக்கொரு பிடி மண்ணோடு ஏறி வந்தார்கள். பம்மய்யனும் முணுமுணுத்தபடி ஒரு பிடி போட்டான்.

விடைபெற்றுக் கரையின் வடபுறம் இறங்கும்போது நாகதேவர் கன்னடத்தில் சொன்னது விடங்கியின் காதில் விழுந்தது. "பன்னிருவரில் ஒற்றன் இல்லை, பம்மய்யா. என் சந்தேகம் வீண். இந்தக் குடைக்காரனை இனி என் கூடாரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்."

குடை அசைந்து அசைந்து போயிற்று. நம்பன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று விடங்கி வேண்டிக்கொண்டாள். பார்க்கமாட்டானா என்று ஏங்கவும் செய்தாள்.

குதிரைகளின் புழுதி அடங்கியதும், பிடி மண்ணாகப் போடாமல் அவன் கட்டியாக ஏன் வைத்தான் என்ற நினைவோடு அவள் மண்டியிட்டு அந்த இரண்டாவது கட்டியை உடைத்தாள். உள்ளே அரக்கில் தோய்த்த பனையோலைச் சுருள். காலடியிலிருந்து எடுப்பதுபோல் அவன் மடியில் ஒளித்துக் கொண்டுவந்த கட்டி அது! 'சமாதானம் பொய். தைப்பூசத்தன்று துங்கபத்திரையைக் கடக்கிறார்கள்.' அவ்வளவுதான் எழுதியிருந்தது. அவளுக்கென்று அதில் ஒரு சொல்லும் இல்லை.

பின்னால் பல்லக்கில் வந்து சேர்ந்த அனந்தபட்டர் ஓலையைப் படித்து நிமிர்ந்தார். "நட்பு ஓலை அவர்களோடு போகட்டும். படை இன்றே எல்லைக்குப் போகட்டும். அம்மா, ஆள் யாரென்று தெரிந்ததா? இப்போதே ஆள் அனுப்பி மீட்கலாமா?"

விடங்கி வடக்கே பார்த்தாள். இப்போது அழைத்தால் அவன் வருவான். எதிரிக்கும் சேதி வெளியானது தெரிந்துவிடும். அவர்கள் படை வேறு நாளில், வேறு துறையில் வரும்.

"வேண்டாம், ஐயா. பூசம் முடியட்டும்" என்றாள்.

பிறகு கரையடிக்கு இறங்கிப் போனாள். ஈரமண்ணை இரு கையாலும் அள்ளி வந்து, அவன் போட்ட இடத்திலேயே ஒரு பிடியை வைத்தாள். பக்கத்தில் இன்னொரு பிடியை வைத்தாள்.

"அவர் இந்தக் கரையேறி வரும் வரை நாள்தோறும் இரண்டு பிடி மண் போடுவேன். இது இந்த ஏரியின் மேல் ஆணை" என்று உரக்கச் சொன்னாள்.

"மற்றொரு பிடி யாருக்கம்மா?" என்று கேட்டார் ஒன்றும் புரியாத அமைச்சர்.

"என்னை மணக்கப் போகிறவருக்கு, ஐயா" என்றாள் விடங்கி, மண் அப்பிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவர் சாகவில்லை."